மாற்றியமைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன விலை கேட்கலாம்? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி வரும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். எண்ணெய் வடிகட்டி வாங்க வருகிறவர் காசைக் கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். வாசலில் நிற்கும் தன் காரைக் காட்டி, “இதற்கு இப்போது என்ன வரும்?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அல்லன். என் கண்ணெதிரே விற்ற கார்களையும், விற்காமல் வளவில் நின்று கறள் பிடித்த கார்களையும் பார்த்துப் பழகிய கணக்கு இது. கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. இன்றைய சந்தை விலையாக எடுக்க வேண்டாம்.

1. பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னுடையது அதில் சேருமா?

1980களின் முற்பகுதியிலிருந்து 2000 வரை ஜப்பானில் தயாரான, ஓட்டும் சுகத்துக்கென்றே கட்டிய கார்களைச் சொல்கிறேன். டொயோட்டாவின் லெவின், செலிக்கா, எம்.ஆர். 2, ஹொண்டாவின் சி.ஆர்.எக்ஸ்., சிவிக் எஸ்.ஐ.ஆர்.; மஸ்டாவின் எம்.எக்ஸ். 5, ஆர்.எக்ஸ். 7, நிசானின் சில்வியா, டொயோட்டாவின் டர்போ பூட்டிய ஸ்டார்லெட். சாதாரண நான்கு கதவுச் சிவிக்கைத் தாழ்த்திப் பின்னால் சிறகு வைத்திருந்தால் அது நல்ல கார்தான், ஆனால் அதன் விலை சாதாரணச் சிவிக்கின் விலையிலிருந்துதான் தொடங்கும்.

2. அண்ணை, நான் இந்தக் காரில் 17 இலட்சம் போட்டிருக்கிறேன். வாங்கிய விலையோடு அதையும் கூட்டித்தானே கேட்க வேண்டும்?

இல்லை தம்பி. கல்யாணப் பந்தலுக்குக் கொடுத்த காசைப் போன்றது அது. விழா நடந்தது, நீங்கள் மகிழ்ந்தீர்கள், பந்தல்காரர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வாங்க வருகிறவரின் மனதில் வேறொரு கார் இருக்கிறது: தன் விருப்பப்படி மாற்றப்போகும் கார். உங்கள் விருப்பத்தைக் கழற்றத் தனக்கு எவ்வளவு செலவாகும் என்று அவர் பேசாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

அதற்காகப் பற்றுச்சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். எந்தச் சாமான், எங்கே, எப்போது வாங்கியது என்பதற்கு அவைதான் சாட்சி. செலவுக் கணக்காக அவற்றைக் காட்டினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். வேலையின் வரலாறாகக் காட்டினால் உட்கார்ந்து படிப்பார்கள்.

3. அப்படியென்றால் விலையை எங்கிருந்து தொடங்குவது?

அதே மாதிரி, அதே காலத்துக் கார், எந்த மாற்றமும் செய்யாமல் ஒழுங்காக இருந்தால் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்து. அதை அடிவிலை என்று வைத்துக்கொள்வோம். இணைய விளம்பரங்களைப் பாருங்கள், ஆனால் அங்கே எழுதியிருப்பது கேட்கும் விலை மட்டுமே. ஒரே கார் ஒரே படங்களோடு மூன்று மாதமாக நிற்கிறதென்றால், அந்த விலையை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விளம்பரம் மறைந்த பிறகு அந்த எண்ணுக்கு அழைத்து, “என்ன விலைக்குப் போனது?” என்று கேளுங்கள். உண்மையில் விற்றவர்கள் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

வடக்கில் இந்த வகைக் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல், கண்டி விளம்பரங்களையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஐந்தாறு கார் அகப்பட்டால் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். ஒன்றிரண்டுதான் அகப்பட்டால், உங்கள் அடிவிலை ஓர் ஊகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த மாற்றத்துக்குக் காசு வரும், எதற்கு வராது?

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஸ்பானரால் பூட்டியதை ஸ்பானரால் கழற்றலாம். வெட்டி ஒட்டியதைக் கழற்ற முடியாது. பெயர்பெற்ற நிறுவனத்தின் ஷொக் அப்சோர்பர், அதே இனத்தின் உயர் மாதிரியிலிருந்து எடுத்துப் பூட்டிய பிரேக், அந்தக் காலத்துக்குப் பொருந்தும் அலோய் சில்லு, இவற்றுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு திரும்பி வரும். நல்ல நிலையில் இருந்தால் பாதி, தேய்ந்திருந்தால் கால்வாசி. இது என் கைக்கணக்கு.

ஒலிபெருக்கி, நிற விளக்கு, கண்ணாடியிழையில் வார்த்த பம்பர், ஒட்டுப்படங்கள், இவற்றுக்கு ஒன்றும் வராது. காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை வெட்டியிருந்தால், கூரையில் துளை வெட்டியிருந்தால், அகலச் சில்லுக்கு இடம் காணாமல் மட்காட்டின் விளிம்பைத் தட்டி மடித்திருந்தால் விலை குறையும். ஊரை எழுப்பும் சைலன்சருக்கும் அதே கதி. வாங்குகிறவர் அதைக் கேட்டதும் பொலிஸ் மறிக்கும் சந்திகளைத்தான் நினைப்பார்.

இன்னொன்று. பாரம் குறைக்கவென்று ஏ.சி.யைக் கழற்றிவிட்டுப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. சித்திரை மாதம் மத்தியானம் ஒரு மணிக்கு, ரயில் கடவையில் படலை மூடியிருக்கும்போது அந்தக் காருக்குள் பத்து நிமிடம் இருந்து பார்த்தால் விலை ஏன் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

5. கழற்றிய பழைய சாமான்களை இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அதனால் பாதிப்பு உண்டா?

உண்டு. அசல் ஸ்டியரிங் வளையம், இருக்கைகள், சில்லுகள், காற்று வடிகட்டிப் பெட்டி, இவையெல்லாம் ஒரு பெட்டியில் இருந்தால் உங்கள் கார் “திரும்பக்கூடிய” கார். இல்லாவிட்டால் வாங்குகிறவர் அவற்றைத் தேடி அலைய வேண்டும். முப்பது வருடத்துக் காருக்கு ஒரு கதவுக் கைப்பிடியைத் தேடி நாடு முழுக்க அழைப்பெடுத்தவர்களை நான் அறிவேன். இன்னும் எறியாதவர்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டுவைக்காமல், துடைத்து, பெயர் எழுதி, அறைக்குள் வையுங்கள்.

6. எஞ்சின் மாற்றியிருக்கிறேன், ஆனால் புத்தகத்தில் பழைய எஞ்சின் எண்தான் இருக்கிறது. விற்கலாமா?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது, பதிலும் மிகக் கசப்பானது. இலங்கையில் வாகனப் பதிவுச் சான்றிதழில், நாம் புத்தகம் என்று சொல்லும் அதில், எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட (செசி) எண்ணும் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். புது எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடிதம் கேட்பார்கள்: வாங்கிய பற்றுச்சீட்டு, அது இறக்குமதியானதற்கான பத்திரம், அல்லது கழற்றிய வாகனத்தின் பதிவு விவரம். “கூட்டாளி ஒருவர் தந்தார்” என்பது கடிதம் ஆகாது.

நான் என் சொந்த லெவினை விற்றபோது குருநாகலிலிருந்து ஒருவர் வந்தார். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து இறங்கியதும், எஞ்சினைக் கேட்டுப் பார்க்கவில்லை, சுற்றி வந்து வர்ணத்தையும் பார்க்கவில்லை. “முதலில் புத்தகம்” என்றார். பொனற்றைத் திறந்து, துணியில் சிறிது மண்ணெண்ணெய் நனைத்து, எஞ்சின் பிளொக்கில் எண் அடித்திருக்கும் இடத்தைத் துடைத்தார். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். அவருடைய தம்பி புத்தகத்தைப் பிடித்துச் சரி பார்த்தார். பிறகு அடிச்சட்ட எண்ணுக்கும் அதே சடங்கு. இரண்டும் ஒத்துப்போன பின்புதான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். ஒத்துப்போயிராவிட்டால் குடிக்காமலே போயிருப்பார்.

விலை என்று வந்தால்: பதிவு திருத்தப்பட்ட எஞ்சின் மாற்றம் விலையைக் கூட்டலாம். திருத்தப்படாத அதே எஞ்சின், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விலையைக் குறைக்கும். நான் அந்த எஞ்சினுக்கு ஒன்றும் கூட்டாமல் விடுவதோடு, அடிவிலையிலும் எட்டில் ஒரு பங்கைக் கழிப்பேன். ஆகவே விளம்பரம் போடுவதற்கு முன்னரே திணைக்களத்தில் கேட்டு, முடியுமானால் திருத்திவிடுங்கள். எண்ணை உரசி வேறு எண் அடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அது குற்றம்.

7. நிறம் மாற்றியதற்கும் அதே கதையா?

நிறமும் பதிவில் இருக்கும் விவரம்தான், ஆனால் திருத்துவது எஞ்சினைவிட இலகு. புத்தகத்தில் வெள்ளை, வாசலில் நீலம் என்றால் வாங்குகிறவர் ஒரு சாட்டாக வைத்துப் பேரம் பேசுவார். திருத்திவிட்டால் அந்தச் சாட்டு போய்விடும். நிறம் மாற்றும்போது கதவுக்குள், பொனற்றின் அடியில், டிக்கிக்குள் பழைய நிறத்தை அப்படியே விட்டிருந்தால் அதற்கும் குறைப்பார்கள். முழுமையாகச் செய்த வர்ணத்துக்கும் தனியாகக் காசு வராது, ஏனென்றால் அடிவிலையிலேயே “ஒழுங்கான வர்ணம்” அடங்கிவிட்டது.

8. கார் என் பெயரில் இல்லை. முன்னைய உரிமையாளர் கையெழுத்து வைத்த உரிமைமாற்றப் பேப்பரோடு வாங்கினேன். அதே பேப்பரோடு விற்கலாம்தானே?

ஊரில் பலர் செய்வதுதான், செய்யக் கூடாததும்தான். கையெழுத்து வைத்தவர் இதற்கிடையில் காலமாகியிருக்கலாம், நாட்டைவிட்டுப் போயிருக்கலாம், அடையாள அட்டையை மாற்றியிருக்கலாம். அந்த ஆபத்தை வாங்குகிறவர் ஏற்கிறார் என்றால் அதற்கு விலையில் கழிப்பார். முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவின் பெயரில் கார், விற்பது நீங்கள் என்றால் அற்றோனித் தத்துவம், அதாவது அவருக்காக நீங்கள் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், வேண்டும். அவர் இறங்கி வரும்வரை காத்திருந்து கையெழுத்து வாங்குவது சில வேளை அதைவிட மலிவு.

9. விற்கிறவர் “இது அசல் 86” என்கிறார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்?

1983 முதல் 1987 வரை வந்த லெவினிலும் அதன் உடன்பிறப்பான ட்ருவேனோவிலும் இரண்டு வகை. ஏ.ஈ. 86 இல் 1.6 லீற்றர், இரட்டைக் கேம், 16 வால்வு 4ஏ-ஜி.ஈ. எஞ்சின். ஏ.ஈ. 85 இல் 1.5 லீற்றர் 3ஏ எஞ்சின், ஒற்றைக் கேம். வெளியில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆகவே 85 க்குள் 4ஏ-ஜி.ஈ. எஞ்சினை இறக்கி 86 என்று விற்பது ஜப்பானிலேயே நடந்த வேலை. ஹொண்டாவிலும் அப்படித்தான்: 1990களின் முற்பகுதி சிவிக்கில் ஈ.ஜி. 6 என்பது பி16ஏ எஞ்சினோடு பிறந்த எஸ்.ஐ.ஆர்.; ஈ.ஜி. 4 என்பது 1.5 லீற்றரோடு பிறந்தது. ஈ.ஜி. 4 க்குள் பி16ஏ எஞ்சினை வைத்தால் வேகம் வரும், பிறப்பு மாறாது.

எஞ்சினையும் பெயர்ப்பட்டையையும் நம்பாதீர்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும் அடிச்சட்ட எண்ணைப் பாருங்கள். எண்ணின் முன்பகுதியிலேயே 85 ஆ 86 ஆ என்பது இருக்கும். புத்தகத்தோடும் ஒப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ, அந்த இடத்தில் மட்டும் புதிய வர்ணமோ தெரிந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

மாற்றிய 85 ஒன்றும் கெட்ட கார் இல்லை. அதை 85 என்று சொல்லி, 85 இன் அடிவிலையிலிருந்து தொடங்கி, 6 ஆம் பதிலில் சொன்னபடி எஞ்சினுக்குக் கூட்டிக் கேட்டால் நியாயம். அசல் 86 கிடைப்பது அரிது, அந்த அரிதுக்குத்தான் காசு. அதனால்தான் அசலில் எஞ்சினை மாற்றினால் வேகம் கூடினாலும் விலை இறங்கும்.

10. யாழ்ப்பாணத்துக் கார் என்றதுமே தெற்கிலிருந்து வருகிறவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். இது ஓரவஞ்சனை இல்லையா?

கொஞ்சம் உண்டு. ஆனால் அவர்கள் பயப்படுவதில் உண்மையும் உண்டு. முதலாவது உப்பு. நம் குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்தாலும் தீவுப்பகுதி வீதிகளாலும் தினமும் போய்வந்த கார் என்றால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டையும் பின் மட்காட்டின் உட்புறத்தையும் ஸ்பானரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். கறள் தின்ற தகடு தொம்மென்று சொல்லும். பட்டி என்ற நிரப்புப் பசை வைத்து மூடியிருந்தால் காந்தம் ஒட்டாது.

இரண்டாவது தண்ணீர். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் கிணற்றுத் தண்ணீர் நமக்குப் பழக்கம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேற்றரின் நுண்குழாய்களுக்குள்ளும் படியும். குளிரூட்டும் திரவத்துக்குப் பதில் பத்து வருடம் வாளியால் அள்ளி ஊற்றிய கார், மேட்டில் ஏறும்போது கொதிக்கும். நமக்குத்தான் மேடே இல்லையே! அதனால் இங்கே இருக்கும்வரை தெரியாது. கண்டிக்குக் கொண்டுபோனவர் கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுகொண்டு அழைப்பெடுப்பார்.

மேலே சொன்ன குருநாகல்காரர் டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, மாற்றுச் சில்லு வைக்கும் பள்ளத்துக்குள் கையை விட்டார். விரலில் செம்மண் ஒட்டி வந்தது. “தண்ணீர் உள்ளே வருகிறது” என்றார். மண்ணைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மண் வந்த வழியால் மழைத் தண்ணீரும் வரும், தண்ணீர் தேங்கினால் கறள் வரும் என்பதுதான் அவருடைய கணக்கு. இருபதினாயிரம் குறைத்தார், நான் வாய் திறக்கவில்லை. விற்பதற்கு முன் நானே அந்த ரப்பரை மாற்றியிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகியிராது.

11. என் கார் 1991 தயாரிப்பு, ஆனால் ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. இது நல்லதா கெட்டதா?

தயாரிப்பு ஆண்டு வேறு, இங்கே பதிவான ஆண்டு வேறு. 1990களில் பதிவானவை நடுவில் கோடு போட்ட இலக்கத்தோடும், 2000க்குப் பின் பதிவானவை ஆங்கில எழுத்தோடும் வந்தன. சாதாரணக் காரில் பிந்திய பதிவுக்கு மதிப்பு. ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. வாங்குகிறவர்கள் மாதிரியையும் தயாரிப்பு ஆண்டையும்தான் பார்ப்பார்கள். விளம்பரத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: இந்த ஊரில் இலக்கத் தகட்டுக்கு அரசியலும் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது, அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு ஓடிய கார்கள் இதே வீதிகளில்தான் ஓடின.

12. கிலோமீற்றர் குறைவாகக் காட்டுகிறது. அதற்குக் கூட்டிக் கேட்கலாமா?

மாற்றியமைத்த காரில் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை. எஞ்சின் வேறு, மீற்றர்ப் பலகை வேறு என்றால் அது எதனுடைய கிலோமீற்றர்? அதற்குப் பதிலாக நான்கு சிலிண்டரிலும் அமுக்கச் சோதனை செய்து அளவுகளை எழுதி வையுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் அந்தத் துண்டுக் கடதாசி மீற்றரைவிட நன்றாகப் பேசும். ஆர்.எக்ஸ். 7 இன் சுழல் எஞ்சினுக்குச் சாதாரண அமுக்கமானி சரிவராது, அதற்கென்று தனிக் கருவி உண்டு. அது இல்லாமல் “எஞ்சின் நல்லது” என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

13. 2025 இல் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். என் காரின் விலை விழுமா?

2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோதும், 2022 இல் ரூபாய் சரிந்தபோதும் எல்லா வாகனமும் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். ஆனால் வருபவை புதியவையும் சில வருடமே பழகியவையும்தான். முப்பது வருடத்து லெவினை இனி யாரும் சாதாரணமாக இறக்க முடியாது. ஆகவே நாட்டில் இருக்கும் எண்ணிக்கை கூடப்போவதில்லை. விபத்திலும் கறளிலும் குறையத்தான் போகிறது.

இது ஒழுங்கான, அசலுக்குக் கிட்டிய கார்களுக்குத்தான் பொருந்தும். “வேறு வழியில்லை, இதையாவது ஓட்டுவோம்” என்று வாங்கப்பட்ட சாதாரணப் பழைய கார்களில் அந்தத் தேவை இறங்கும். உங்கள் கார் எந்தப் பக்கம் என்பதை 1 ஆம் பதிலைப் பார்த்து நேர்மையாக முடிவுசெய்யுங்கள்.

14. காப்புறுதிக்காக எடுத்த மதிப்பீட்டு அறிக்கையில் 60 இலட்சம் என்று இருக்கிறது. அதைக் காட்டி விற்கலாமா?

காட்டலாம், வாங்குகிறவர் மரியாதைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு மடித்துத் தருவார். அது காப்புறுதிக்கான தொகை. காரைத் திரும்பக் கட்டுவதற்கு என்ன செலவாகும் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கும். உங்களுக்கு அது வேறு விதத்தில் உதவும்: செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து அறிக்கையில் சேர்த்திருந்தால், விபத்தின்போது அதைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. அறிவிக்காமல் இருப்பவர்கள் விற்கும்வரை காத்திராமல் இன்றே அறிவியுங்கள்.

15. ஒரு கணக்கைப் போட்டுத்தான் காட்டுங்களேன்.

சரி. 2 ஆம் கேள்வி கேட்ட தம்பியின் காரையே எடுப்போம். அடிவிலை 40 இலட்சம் என்று வைப்போம். அவர் செலவழித்தது: எஞ்சினும் கியர்பொக்ஸும் 8, சில்லும் ரயரும் 3, ஷொக் அப்சோர்பர் முதலியன 2.5, வர்ணம் 2, இருக்கையும் ஸ்டியரிங்கும் 0.9, ஒலிபெருக்கி 0.6. மொத்தம் 17 இலட்சம். அவர் கேட்க நினைத்தது 57.

என் கணக்கில் எஞ்சினுக்கு 4 (புத்தகத்தில் ஏறியிருந்தால்), சில்லுக்கு 1.5, ஷொக் அப்சோர்பருக்கு 1. வர்ணத்துக்கும் இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இல்லை. அதுவரை 46.5. அசல் இருக்கைகள் தொலைந்ததற்கு 1 கழிக்கிறேன். பெட்டித் தகட்டில் கறள் திருத்த 2.5, ரேடியேற்றர் மாற்ற 0.5. வருவது 42.5. 41 க்கும் 44 க்கும் இடையில் விற்றால் இரு பக்கமும் திருப்தி. 45 என்று விளம்பரம் போட்டால் பேரத்துக்கும் இடம் இருக்கும். எஞ்சின் புத்தகத்தில் ஏறவில்லை என்றால் அந்த 4 போய், அடிவிலையில் எட்டில் ஒன்றான 5 உம் போய், 33.5. ஒரு கடிதத்தின் விலை 9 இலட்சம்.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. பந்தல் கதையை இன்னொரு முறை சொன்னேன்.

16. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும்போது விற்றால் கூட வருமா?

25 நாள் திருவிழாக் காலத்தில் பார்க்க வருகிறவர்கள் கூடுவார்கள். காரைச் சுற்றிப் படம் எடுப்பார்கள், தாங்கள் படித்த காலத்தில் இப்படியொன்றுக்கு ஆசைப்பட்ட கதையைச் சொல்வார்கள், ரொறன்ரோவில் அதே கார் என்ன விலை என்றும் சொல்வார்கள். அந்த விலையை ரூபாயாக மாற்றி உங்கள் காரின் மேல் எழுதிவிடாதீர்கள். மூன்று கிழமையில் திரும்பிப் போகிறவருக்கு நிறுத்த இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். அது உள்ளவர் நூற்றில் ஒருவர். அவர் வந்தால் நல்ல விலை வரும், ஆனால் அவரை நம்பி வருடக்கணக்காகக் காரை நிறுத்திவைத்தால் ரயரும் பற்றறியும் ரப்பர்களும் கெட்டுவிடும்.

உண்மையான சந்தை தெற்கில்தான். கொழும்பிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் ஒருவர் வந்து ஏமாந்தால் உங்கள் பெயர்தான் கெடும். கறளையும் எண்களையும் குளிர் எஞ்சினைத் தொடக்கும் காணொளியையும் முன்கூட்டியே அனுப்புங்கள். லீசிங் நிறுவனங்கள் இந்த வயதுக் கார்களுக்குப் பெரும்பாலும் தயங்கும், ஆகவே கைக்காசு உள்ளவர்தான் வருவார்.

17. மொத்தமாகப் போகவில்லை. கழற்றித் துண்டாக விற்றால் என்ன?

சில வேளை கூட வரும். சில்லு, இருக்கை, எஞ்சின் ஒரு கிழமையில் போய்விடும். கடைசியில் புத்தகமும் வெறும் கூடும் மிஞ்சும், கூட்டுக்குள் பூனை குட்டி போடும். அசல் சாமான்கள் கையில் இருந்தால் (5 ஆம் பதில்) நடுவழி ஒன்று உண்டு. விலைபோகும் மாற்றங்களைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, அசலைப் பூட்டி, காரை அடிவிலைக்கு விடுங்கள். நான் கண்டவரை அதிகக் காசு இந்த வழியில்தான் வந்தது.

18. ஐயா, அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 நிற்கிறது. டீசல் எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். அதற்கும் இதே கணக்கா?

அடிப்படை அதேதான், வாங்குகிறவர் வேறு. 1947 க்கும் 1954 க்கும் இடையில் வந்த டெவனும் சொமர்செற்றும் 1200 சி.சி. பெற்றோல் எஞ்சினோடு பிறந்தவை. அசலைத் தேடும் சேகரிப்பாளர் டீசல் எஞ்சினைக் கண்டதும் விலையை வெட்டுவார்; பழைய எஞ்சின் கொட்டிலுக்குள் கிடந்தால் அதையும் தூக்கிக் காரோடு கொடுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட வாங்குகிறவருக்கோ, ஓடினால் போதும். டீசல் அவருக்கு ஆறுதல். 6 ஆம் பதிலில் சொன்ன புத்தகப் பிரச்சினை இரண்டு பேருக்கும் உண்டு.

1990களில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் உள்ள பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் போத்தலும் குழாயும் இன்னும் எஞ்சின் அறையில் இருந்தால் கழற்றாதீர்கள். விலை கூடுமா என்றால், வாங்குகிறவர் எங்கள் ஊரவராக இருந்தால் கூடலாம். தொலைந்துவிட்டதென்றால் புதிதாக ஒன்றைக் கட்டி வைக்க வேண்டாம். கறள் பார்க்கத் தெரிந்தவருக்குப் புதுக் கம்பியும் தெரியும்.